எதை முதலில் தொடங்குவது? பல நோயறிதல்கள் கொண்ட குழந்தைக்கான சிகிச்சை வழிகள்: ஓர் ஒப்பீடு

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும் என்று நினைத்துப் புரட்டினோம், மூன்று இருந்தன. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறு, பதற்றக் கோளாறு, எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தன. அப்போது என் மகனுக்கு எட்டு வயது. அவற்றின் கீழே பரிந்துரைகள்: பெற்றோருக்கு நடத்தை மேலாண்மைப் பயிற்சி, குழந்தைக்கு சி.பி.டி. எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை, மருந்து குறித்துக் குழந்தை மனநல மருத்துவரின் ஆலோசனை, பள்ளியில் சில ஏற்பாடுகள். நான்கும் நியாயமானவைதாம். ஆனால் எது முதலில், எது பிறகு, எதை எவ்வளவு காலம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. பெற்றோர் பலரும் தடுமாறி நிற்பது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு சிகிச்சையைப் பற்றியும் தனித்தனியாகப் படிக்க நிறையக் கிடைக்கிறது. வரிசையைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. ஆகவே இந்த வழிகளை வரிசை என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மருந்தின் வகையையும் அளவையும் முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது நம் வேலை.

முதலில் ஒரு மனத்தடையை விலக்கிவிடலாம். ஒரே குழந்தைக்கு இரண்டு மூன்று பெயர்கள் வருவது அபூர்வமும் அல்ல, மருத்துவரின் குழப்பமும் அல்ல. ஏ.டி.எச்.டி.க்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999இல் வெளியான எம்.டி.ஏ. என்ற பெரிய ஆய்வில் 7 முதல் 9 வயது வரையிலான 579 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் ஏ.டி.எச்.டி. மட்டுமே இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பதற்றக் கோளாறும், ஐந்தில் இரு பங்கினருக்கு எதிர்ப்பு நடத்தைக் கோளாறும் உடன் இருந்தன. சேர்ந்து வருவதுதான் வழக்கம். தனியாக வருவதே குறைவு.

பெயர்களுக்கு இடையிலான வேலிகளும் அவ்வப்போது இடம் மாறுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 2013இல் வெளிவரும் வரை ஆட்டிசம் என்று எழுதிய குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. என்றும் சேர்த்து எழுத விதியில் இடமில்லை. அதே பதிப்பில்தான், ஓயாத எரிச்சலும் அடிக்கடி வெடிக்கும் கோபமும் கொண்ட குழந்தைகளுக்காக டி.எம்.டி.டி. என்ற புதிய பெயர் சேர்க்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடாக 2022இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 அப்படித் தனிப் பெயர் எதுவும் தராமல், எதிர்ப்பு நடத்தைக் கோளாறின் ஓர் உட்பிரிவாகவே அதே குழந்தையை வகைப்படுத்துகிறது. இரண்டு கையேடுகளும் ஒரே குழந்தையைத்தான் பார்க்கின்றன. இதைச் சொல்வதன் நோக்கம் நோயறிதலைக் குறைத்து மதிப்பிடுவது அல்ல. பெயருக்கு ஒரு சிகிச்சை என்று கணக்குப் போட்டு மூன்று பெயருக்கு மூன்று சிகிச்சைகளை அடுக்குவது சரியான தொடக்கம் ஆகாது என்பதுதான்.

வேறு எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் மிக மோசமாகப் போகும் ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் அது பள்ளிக்குக் கிளம்பும் நேரம். இடது காலில் ஷூ இருக்கும். வலது காலில் சாக்ஸ் பாதி ஏறிய நிலையில் இருக்கும். மற்றொரு ஷூ கையில் இருக்கும். ‘போட்டுக்கொள்’ என்றால் பதில் வராது. இரண்டாம் முறை சொன்னால் ‘மாட்டேன்’ என்பான். மூன்றாம் முறை சொன்னால் ஷூ சுவரில் போய் மோதும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரே காட்சி. ஆனால் அதற்குள் நான்கு வெவ்வேறு கதைகள் இருக்கக்கூடும். ஷூவை எடுத்த கணத்தில் சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்து, எதற்காக ஷூவை எடுத்தோம் என்பதையே மறந்துவிட்ட குழந்தை ஒன்று. சாக்ஸின் தையல் விரல் நுனியில் உறுத்துவதைத் தாங்க முடியாத குழந்தை இன்னொன்று. ஷூவைப் போட்டுவிட்டால் அடுத்தது பள்ளி, அங்கே இன்று வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள் என்று வயிறு கலங்கி நிற்கும் குழந்தை மூன்றாவது. மறுத்துக்கொண்டே இருந்தால் அம்மாவோ அப்பாவோ கடைசியில் தாமே குனிந்து மாட்டிவிடுவார்கள் என்று பல நூறு காலைகளில் கற்றுக்கொண்ட குழந்தை நான்காவது. ஒரே குழந்தையே திங்களன்று மூன்றாவதாகவும் வியாழனன்று முதலாவதாகவும் இருக்கலாம். பல நோயறிதல்கள் என்பதற்கு அன்றாடப் பொருள் அதுதான். எந்த வழியை முதலில் எடுப்பது என்பதற்கான விடையில் பெரும்பகுதி, இந்த நான்கில் எது அதிக நாட்களில் நடக்கிறது என்பதில் இருக்கிறது.

இனி வழிகளைப் பார்ப்போம்.

பெற்றோர் பயிற்சி என்ற பெயரே பலருக்குக் கசக்கிறது. தவறு நம்மிடம் என்று சொல்வதுபோல் ஒலிக்கிறது. எனக்கும் ஒலித்தது. ஆனால் அதன் அடிப்படை குற்றச்சாட்டு அல்ல, ஒரு சுழற்சியைப் பற்றிய விளக்கம். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் வீடுகளில் நடப்பதை நேரில் கவனித்து 1982இல் முழுமையாக எழுதிய கருத்து இது: பெற்றோர் ஒன்றைச் சொல்கிறார், குழந்தை கத்துகிறது, பெற்றோர் சொன்னதை விட்டுவிடுகிறார், கத்தல் நிற்கிறது. குழந்தை, கத்தினால் வேலை தப்பும் என்று கற்கிறது. பெற்றோர், விட்டுவிட்டால் அமைதி கிடைக்கும் என்று கற்கிறார். இருவருக்கும் அந்தக் கணத்தில் லாபம். ஆகவே நாளையும் அதுவே நடக்கிறது. பயிற்சி இந்தச் சுழற்சியை உடைக்கிறது. நல்ல நடத்தையை உடனுக்குடன் பெயர் சொல்லிப் பாராட்டுவது, கட்டளைகளைக் குறைத்துச் சுருக்கமாகச் சொல்வது, சின்ன மீறல்களைக் காணாததுபோல் விடுவது, பெரிய மீறல்களுக்கு முன்பே சொல்லிவைத்த விளைவைக் கோபமில்லாமல் நடத்துவது என்று வாரம் ஒன்றாகச் சில மாதங்கள் போகும். பக்க விளைவு இல்லை என்று சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. கவனிக்காமல் விடத் தொடங்கிய முதல் சில நாட்களில் அழுகையும் கத்தலும் குறைவதற்கு முன் கூடும். முன்னறிவிப்பு இல்லாத குடும்பங்கள் அந்த வாரத்தில்தான் ‘இது நம் குழந்தைக்கு ஒத்துவராது’ என்று நிறுத்திவிடுகின்றன.

சிறு வயதுக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பு நடத்தை முன்னிற்கும் குழந்தைகளுக்கும் இதையே முதலில் வைக்க வலுவான காரணம் உண்டு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், 4, 5 வயதில் ஏ.டி.எச்.டி. என்று அறியப்பட்டால் பெற்றோர் பயிற்சியைத்தான் முதலில் சொல்கிறது. 6 வயதுக்கு மேல் மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்து என்கிறது. இந்த வயதுக் கோட்டுக்கு, 4, 5 வயதில் மருந்தின் பலன் குறைவாகவும் பக்க விளைவு அதிகமாகவும் இருப்பது முக்கியக் காரணம்.

இதன் பலவீனம் இரண்டு இடங்களில் தெரிகிறது. ஒன்று, வீட்டில் கற்றுக்கொண்டது வகுப்பறையில் கவனமாக மாறுவதில்லை. பெற்றோர் அங்கே இல்லை. மற்றொன்று இன்னும் முக்கியமானது. மறுப்புக்குப் பின்னால் இருப்பது பயம் என்றால், நல்ல நடத்தைக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டையும் பரிசும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். உண்மையிலேயே பயந்த குழந்தைக்குப் பரிசை இழப்பது இரண்டாவது தண்டனையாக ஆகிறது. ‘நான் ஏன் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை’ என்று மகன் கேட்ட இரவில்தான் எங்கள் அட்டையைச் சுவரிலிருந்து எடுத்தோம்.

இந்த இடத்தில், பரிசும் விளைவும் வேண்டாம், குழந்தையோடு அமைதியான நேரத்தில் உட்கார்ந்து தடையைக் கண்டுபிடித்துச் சேர்ந்து தீர்வு காண்போம் என்ற மற்றொரு முறையும் போட்டிக்கு வரும். அது ராஸ் கிரீன் என்ற உளவியலாளர் வகுத்தது. இரண்டு முகாம்களும் ஒன்றையொன்று சாடிக்கொள்வதைப் படித்தால், தவறானதைத் தேர்ந்தெடுத்துக் குழந்தையைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் வருகிறது. எதிர்ப்பு நடத்தைக் கோளாறு கொண்ட 134 குழந்தைகளை வைத்து இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், இரு குழுக்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தேறினார்கள்; சிகிச்சை பெறாமல் காத்திருந்த குழுவில் அப்படி நிகழவில்லை. அதனால் இந்தச் சண்டையில் பெற்றோர் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கத்தினால் வேலை தப்பும் என்று கற்றுக்கொண்ட குழந்தைக்கு முதலாவது நேராகப் பொருந்துகிறது; திறமைக் குறைவாலோ புலன் உறுத்தலாலோ மறுக்கும் குழந்தைக்கு இரண்டாவது இயல்பாக அமைகிறது. தையல் இல்லாத சாக்ஸ் வாங்குவது என்பது சேர்ந்து பேசினால் கிடைக்கக்கூடிய தீர்வுதான்; அதற்கு நட்சத்திரம் எதுவும் தேவையில்லை.

அடுத்தது மருந்து. இதைப் பற்றிய பேச்சு உடனே பயமாகவோ பிரசாரமாகவோ ஆகிவிடுவதால், எந்த மருந்து எந்தப் பெயருக்கு என்பதைப் பிரித்துக்கொள்வது நல்லது. மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஸ்டிமுலன்ட் மருந்துகள் கவனத்துக்கும் துடிப்புக்கும் உரியவை. சரியான அளவு கிடைத்துவிட்டால் அன்றே பலன் தெரியும், குறுகிய நேர வகையானால் நான்கு மணி நேரம் போல் நின்று அன்றே வடிந்தும் விடும். ஏ.டி.எச்.டி.க்கே தரப்படும், ஸ்டிமுலன்ட் அல்லாத அட்டோமாக்ஸெடினுக்குப் பல வாரங்கள் பொறுக்க வேண்டும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் வகைகளுக்கும் வாரக் கணக்கு உண்டு. ஆகவே ‘மருந்தை முதலில் தொடங்குவது’ என்ற ஒரே சொல்லுக்குள், இரண்டு நாளில் விடை தெரியும் சோதனையும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டிய சோதனையும் அடங்கியிருக்கின்றன.

எம்.டி.ஏ. ஆய்வின் 14 மாத முடிவு, கவனம், துடிப்பு ஆகிய மூல அறிகுறிகளில் கவனமாக அளவு சரிசெய்யப்பட்ட மருந்து, நடத்தைச் சிகிச்சையை மட்டும் பெற்றதைவிட நன்றாக வேலை செய்தது என்பதாகும். இந்த வரியோடு படிப்பதை நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் பல பெயர்கள் கொண்ட குழந்தையின் பெற்றோருக்கு அதன் அடுத்த வரிதான் முக்கியம்: ஏ.டி.எச்.டி.யோடு பதற்றமும் இருந்த குழந்தைகளிடம் நடத்தைச் சிகிச்சை மட்டுமே மருந்துக்கு ஏறத்தாழ இணையாக நின்றது. மருந்தும் சிகிச்சையும் சேர்த்துப் பெற்ற குழுவில் மருந்தின் அளவு குறைவாகவே தேவைப்பட்டது. நாளொன்றுக்குச் சராசரி 38 மில்லிகிராமுக்குப் பதில் 31 மில்லிகிராம். மூன்று ஆண்டுகள் கழிந்தபோது குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்குள் குடும்பங்கள் அவரவர் விருப்பப்படி மருந்தை நிறுத்தியும் தொடங்கியும் இருந்தன. ஒரு சிறு எச்சரிக்கை: அந்த ஆய்வின் நடத்தைச் சிகிச்சை என்பது வாரம் ஒரு மணி நேர ஆலோசனை அல்ல, பெற்றோர் அமர்வுகளோடு எட்டு வாரக் கோடை முகாமும் வகுப்பறை உதவியாளரும் அதில் அடக்கம். நமக்குக் கிடைப்பது அதன் நிழல் அளவுதான் என்றால், பலனையும் அதற்கேற்றபடிதான் எதிர்பார்க்க வேண்டும்.

பக்க விளைவுகளில் பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் அடிக்கடி காணப்படுபவை. பல நோயறிதல்கள் உள்ள குழந்தையிடம் அவை வேறு முகமூடி போட்டுக்கொண்டு வரும். மருந்து வடியும் மாலை நேரத்தில் சில குழந்தைகளுக்கு எரிச்சல் பொங்கும். வீட்டில் அதைப் பார்க்கும் நாம் ‘எதிர்ப்பு கூடிவிட்டது’ என்று எழுதிக்கொள்வோம். அளவு அதிகமானால் சிலர் மந்தமாக, அழுமூஞ்சியாக ஆவார்கள். ‘மனச்சோர்வு வந்துவிட்டது’ என்று தோன்றும். அதனால், ஒரு புதிய நடத்தை எந்த மணி நேரத்தில் வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். மருந்து வடியும் நேரத்து எரிச்சலுக்குப் புதிய நோயறிதல் வேண்டாம். மருந்து தரும் நேரத்தையோ வகையையோ மாற்றினால் போதுமானதாக இருக்கலாம். டிக் எனப்படும், தானாகத் திடீரென வரும் தசை அசைவுகள் உள்ள குழந்தைக்கு ஸ்டிமுலன்ட் கூடாது என்ற பழைய அச்சத்தையும், 136 குழந்தைகளை வைத்து 2002இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் கண்காணிப்பு வேண்டும்.

மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளைப் பொறுத்தவரை 2004ஆம் ஆண்டின் எச்சரிக்கையை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய 4 விழுக்காடாகவும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 2 விழுக்காடாகவும் இருந்ததைக் கண்டது. அந்த ஆய்வுகளில் யாரும் இறக்கவில்லை. இதன் பொருள் மருந்தைத் தவிர்ப்பது அல்ல. தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாறும் வாரங்களிலும் குழந்தையின் தூக்கம், அமைதியின்மை, பேச்சு ஆகியவற்றைக் கூர்ந்து கவனிப்பதும், மருத்துவரோடு அடிக்கடி பேசுவதும் சிகிச்சையின் பகுதி என்பதே. கடும் ஆவேசத்துக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் வேறு வகை மருந்து. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் எரிச்சலுக்காக அதை 2006இலும் அரிப்பிப்ரசோலை 2009இலும் எஃப்.டி.ஏ. ஏற்றது, உடல் எடை கூடுவது இவற்றின் பெரிய விலை. என்னைப் பொறுத்தவரை இவை வரிசையின் தொடக்கத்தில் வருபவை அல்ல. யாருக்காவது காயம் ஏற்படும் அளவுக்கு நிலைமை போய்விட்டால்தான் அந்தக் கணக்கு மாறும்.

மூன்றாவது வழி, குழந்தையையே சிகிச்சையாளரிடம் அனுப்புவது. பதற்றத்துக்கு சி.பி.டி.யின் சான்று உறுதியானது. 2008இல் வெளியான சி.ஏ.எம்.எஸ். ஆய்வில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பேர் கலந்துகொண்டார்கள். 12 வாரங்களுக்குப் பிறகு நன்கு தேறியவர்கள், சி.பி.டி.யும் செர்ட்ராலினும் சேர்ந்த குழுவில் 81 விழுக்காடு, சி.பி.டி. மட்டும் பெற்ற குழுவில் 60, மருந்து மட்டும் பெற்ற குழுவில் 55, போலி மாத்திரைக் குழுவில் 24. எண்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அந்த 488 பேரில் நம் குழந்தை இருந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள், நிலையான அளவில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் சேர்க்கப்பட்டார்கள்; பதற்றத்தால் பள்ளிக்கே போக மறுத்த நிலையில் இருந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. சி.பி.டி. என்பது பயத்தைப் பெயரிட்டுப் பேசுவது, ஏணிப்படியாக அடுக்குவது, வீட்டில் தினமும் பயிற்சி செய்வது. நாற்பத்தைந்து நிமிடத்தில் நாற்பது நிமிடம் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அதில் எவ்வளவு போய்ச் சேரும்? எங்கள் முதல் சிகிச்சையாளர் பொறுமையானவர். ஆறு அமர்வுகள் முடிந்தபோது மகனுக்கு நினைவிருந்தது அந்த நாற்காலி மட்டும்தான்.

குழந்தை ஒத்துழைக்கும் நிலையில் இல்லாதபோது பெற்றோர் வழியாகவே பதற்றத்தைக் குறைக்கும் முறை ஒன்று இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் உருவான அதற்கு ஸ்பேஸ் என்று பெயர். பயந்த குழந்தைக்காக நாம் செய்து தருபவற்றை, அதாவது அதன் சார்பாகப் பேசுவது, இரவில் பக்கத்திலேயே படுப்பது, ஒரே கேள்விக்கு இருபது முறை உறுதிமொழி தருவது போன்றவற்றை, அனுதாபத்தையும் நம்பிக்கையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிப்படியாகக் குறைப்பது அதன் சாரம். 7 முதல் 14 வயது வரையிலான 124 குழந்தைகளை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இது குழந்தைக்கே தரப்பட்ட சி.பி.டி.க்குக் குறைந்ததாக இல்லை. குழந்தை ஒரு அமர்வுக்குக்கூட வர வேண்டியதில்லை என்பது, மறுப்பும் பதற்றமும் சேர்ந்த வீடுகளுக்கு மிகப் பெரிய வசதி. முன்பு சொன்ன நடத்தைப் பயிற்சியோடு இது முரண்படுவதுபோல் தோன்றலாம். ஒன்று மீறலுக்கு விளைவு தருகிறது, மற்றொன்று பயந்த குழந்தைக்குத் துணை நிற்கிறது. நடைமுறையில் இரண்டும் ஒரே பழக்கத்தைத்தான் கேட்கின்றன: குழந்தையின் கத்தலுக்கு நம் உடனடி அமைதியை விலையாகக் கொடுக்காமல் இருப்பது.

நான்காவது, எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவது. ஆய்வுகளின் சராசரியில் சேர்க்கைச் சிகிச்சை முன்னணியில் நிற்பதால் இது கவர்ச்சியாகத் தெரியும். நாங்கள் செய்த தவறும் இதுதான். ஒரே மாதத்தில் மருந்தைத் தொடங்கினோம், நட்சத்திர அட்டையை மாட்டினோம், சிகிச்சையாளரிடம் அழைத்துப் போனோம், பள்ளியில் இருக்கையையும் மாற்றச் சொன்னோம். மூன்றாம் வாரத்தில் மகன் இரவு பதினொன்றுக்கும் தூங்காமல் அழுதான். மருந்தின் நேரம் காரணமா, அட்டையின் அழுத்தமா, சிகிச்சையில் பயத்தைத் தொட்டுப் பேசியதா, புதிய இருக்கையின் அருகில் உட்கார்ந்த பையனா என்று எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பலன் தந்தது எது என்றும் தெரியவில்லை. கெடுத்தது எது என்றும் தெரியவில்லை. பயந்துபோய் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தினோம். நிறுத்தியதிலும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆய்வில் சேர்க்கைச் சிகிச்சையை ஒரு குழுவே ஒருங்கிணைக்கிறது, வாராவாரம் அளக்கிறது. வீட்டில் அந்தக் குழு நாம் இருவர்தான்; நம்மில் ஒருவர் மற்றக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒன்றாகத் தொடங்கியே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. சாக வேண்டும் என்ற பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், உண்ணாமை, பிறருக்கு ஆபத்து, வாரக் கணக்கில் பள்ளி நின்றுபோதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வரிசை பற்றிய இந்தப் பேச்சே பொருந்தாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், எதை எத்தனை சேர்த்துத் தொடங்குவது என்பதை அவர் சொல்வார். கவனக்குறைவும் கீழ்ப்படியாமையும் காத்திருக்கும்.

மற்றச் சேர்க்கைகளில் என் சாய்வு இப்படி. கவனக்குறைவும் எதிர்ப்பும் சேர்ந்து, பயம் பெரிதாக இல்லாத குழந்தைக்கு, ஆறு வயதைத் தாண்டியிருந்தால், ஸ்டிமுலன்ட்டை முன்கூட்டியே யோசிப்பதில் தவறில்லை. கவனம் மேம்படும்போது எதிர்ப்பில் ஒரு பகுதியும் தானாகக் குறைவதைப் பலர் காண்கிறார்கள், மீதி இருப்பதற்குப் பெற்றோர் பயிற்சி போதுமானதாக இருக்கலாம். கவனக்குறைவோடு பதற்றமும் சேர்ந்திருந்தால் பெற்றோர் வழியிலான பயிற்சியை முதலில் வைத்து, இரண்டு மூன்று மாதம் பார்த்து, வகுப்பறைப் பிரச்சினை அப்படியே இருந்தால் மருந்தைச் சேர்க்கலாம். குழந்தையால் உட்கார்ந்து பேச முடியும் என்றான பிறகு சி.பி.டி. ஆட்டிசமும் உடன் இருந்தால், எந்தச் சிகிச்சைக்கும் முன்பாக ஒலி, துணி, திடீர் மாற்றம் போன்ற சூழல் உறுத்தல்களைச் சரிசெய்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முறை. இல்லாவிட்டால் உறுத்தலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். தூக்கம் எந்தச் சேர்க்கையிலும் தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. தூங்காத குழந்தையிடம் கவனக்குறைவு, எரிச்சல், பயம் மூன்றும் கூடும்; மூன்று பெயருக்கும் அது ஊட்டமாகிவிடும்.

ஒரே மருத்துவரா, பல நிபுணர்களா என்ற கேள்வியை நீட்ட வேண்டியதில்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம்; மருந்துப் பட்டியல் முழுவதையும் ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டும், யார் எதை மாற்றினாலும் அவருக்குத் தெரிய வேண்டும். யாரும் முன்வரவில்லை என்றால் அந்த ஒருங்கிணைப்பாளர் நாமாகிவிடுகிறோம். அப்போது ஒரு பக்கத்தில் தேதியும் மாற்றமும் மட்டும் எழுதிய தாள், தடித்த கோப்பைவிடப் பயன்படுகிறது.

இரண்டாம் முறை தொடங்கியபோது நாங்கள் அப்படி ஒரு தாளோடுதான் தொடங்கினோம். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், ஷூவின் கதையை மட்டும் எழுதினோம்: நாள், நேரம், அன்று பள்ளியில் என்ன, எத்தனை முறை சொன்னோம், எப்படி முடிந்தது. விடுமுறை நாட்களில் வெளியே கிளம்பும்போது ஷூ ஒரு முறைகூடப் பறக்கவில்லை. அதனால் சாக்ஸின் தையல் முக்கியக் காரணம் அல்ல. மொழிப்பாடம் முதல் வகுப்பாக வந்த நாட்களில் தவறாமல் பறந்தது. எதிர்ப்பு என்று எட்டு வயது வரை நாங்கள் பெயர் வைத்திருந்தது, அந்தத் தாளில் பெரும்பாலும் பயமாக இருந்தது. அதனால் ஸ்பேஸ் முறையை முதலில் எடுத்தோம். வாய்விட்டுப் படிப்பதை முதலில் ஆசிரியரிடம் தனியாக, பிறகு இருவர் முன்னால் என்று படி வைக்கப் பள்ளியும் ஒத்துக்கொண்டது. பத்தாம் வாரத்தில் காலை நேரம் பெரும்பாலும் அமைதியானது. வகுப்பில் பாதி எழுதி நிறுத்திய நோட்டுகள் மாறவில்லை. நான்காம் மாதம் குறைந்த அளவில் மெத்தில்ஃபெனிடேட் தொடங்கப்பட்டது, இம்முறை வேறெதையும் தொடாமல். பசி குறைந்தது, எடையை மாதம் ஒரு முறை குறிக்கிறோம். சி.பி.டி. இன்னும் தொடங்கவில்லை. சுழல் நாற்காலி இல்லாத அறை வேண்டும் என்று அவனே கேட்டிருக்கிறான். அடுத்த மாதம் முதல் அமர்வு.